ஷிஃப்ட் சார்ட்: லீவு நாளை எண்ணாமல் தூங்கிய இரவை எண்ணிப் பார்த்தால்

"வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு" என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் யாருக்குத்தான் கசக்கும். அதற்குக் கீழே ஷிஃப்ட் 12 மணி நேரம் என்று இருக்கும், அதற்கும் கீழே பொடி எழுத்தில் இரவு ஷிஃப்ட் சுழற்சி முறையில் வரும் என்று இருக்கும், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பழைய எட்டு மணி நேர முறையை விட இது லாபமா நஷ்டமா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. எல்லோரும் சார்ட்டை நாள் கணக்கில் படிப்பதுதான் காரணம்: எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் லீவு. பகல் வேலைக்கு அந்தக் கணக்கு சரிப்படும். இரவும் பகலும் மாறி மாறி வரும் வேலைக்கு அது ஏமாற்றும், ஏனென்றால் காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு அன்றைய "லீவு" தூக்கத்திலேயே போய்விடுகிறது.

ஒரு சார்ட்டை மூன்று கணக்கில் பார்க்க வேண்டும். ஆள் கணக்கு, மணிக் கணக்கு, அப்புறம் வீட்டுக் கட்டிலில் தூங்கிய இரவுகளின் கணக்கு. இந்த வரிசையிலேயே போவோம்.

சில சொற்கள்

1. குழு: ஒன்றாக வேலைக்கு வந்து ஒன்றாகப் போகிறவர்கள்.

2. சுற்று: சார்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆரம்பித்த இடத்துக்கே திரும்புகிறது என்பது. 8 நாள், 14 நாள், 21 நாள், 28 நாள் சுற்றுகள் சகஜம்.

3. முன்னோக்கிய சுழற்சி: காலை, அப்புறம் மதியம், அப்புறம் இரவு. கடிகாரம் போகிற திசை. இதைத் திருப்பிப் போட்டால், அதாவது இரவு, மதியம், காலை என்று வந்தால், பின்னோக்கிய சுழற்சி.

4. இடைவெளி: ஒரு ஷிஃப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் நிமிடம் வரை உள்ள மணி நேரம். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போகும் சொல் இதுதான்.

5. இரவு வேலை: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு உடன்படிக்கை, நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரையிலான நேரத்தை உள்ளடக்கி, தொடர்ந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யும் வேலையை இப்படி வரையறுக்கிறது. இரவு பத்து மணி வரை நிற்கிற மதிய ஷிஃப்ட் இதில் சேராது.

ஆள் கணக்கு: 168ஐ எத்தனையால் வகுப்பது

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் இயந்திரத்தின் முன்போ ஒரு வார்டிலோ ஒரு கட்டுப்பாட்டு அறையிலோ எப்போதும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒரே ஓர் இடத்துக்கு வாரத்துக்கு 21 எட்டு மணி நேர ஷிஃப்டுகள். மூன்று பேரை வைத்து ஓட்டினால் ஆளுக்கு 56 மணி நேரம், வார விடுமுறையே கிடையாது. நான்கு பேர் என்றால் 42. ஐந்து பேர் என்றால் 33.6.

வாரத்துக்கு ஆறு நாள், 48 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 168ஐ 48ஆல் வகுக்க 3.5 வரும். அரை ஆளை எங்கே தேடுவது? இரண்டு இடங்களுக்குச் சேர்த்து ஏழு பேரைப் போட்டு, ஏழாவது ஆளை ரிலீவராக வைப்பார்கள். மற்ற ஆறு பேரின் வார விடுமுறைகளை அவர் அடைப்பார்: இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவு. அந்த ஆறு பேரின் விடுமுறை நாட்களைச் சரியாக வரிசைப்படுத்திவிட்டால் ரிலீவரின் வாரம் ஒழுங்கான முன்னோக்கிய சுழற்சியாகவே அமைந்துவிடும். பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை. யாருக்கு எந்த நாள் பிடிக்குமோ அந்த நாளை அவரவர் எடுத்துக்கொள்ள, மிச்சம் விழுகிற ஓட்டைகள்தான் ரிலீவரின் சார்ட்.

மேலே சொன்னது யாருக்கும் காய்ச்சல் வராத உலகத்தின் கணக்கு. நிஜ உலகத்துக்கு இப்படிப் போட வேண்டும்:

1. ஓர் இடத்துக்கு வருடத்துக்குத் தேவையான ஷிஃப்டுகள்: 365 × 3 = 1095.

2. ஆறு நாள் வாரம் என்றால் ஒருவர் வரக்கூடிய நாட்கள்: 365 − 52 = 313. அதில் விடுப்பு 30 நாள், உடல்நலக் குறைவும் பயிற்சியும் சேர்த்து 10 நாள் என்று வையுங்கள். மிச்சம் 273.

3. 1095ஐ 273ஆல் வகுத்தால் 4.01. ஆக, ஓர் இடத்துக்கு நான்கு பேர்.

4. ஐந்து நாள் வாரம் என்றால்: 365 − 104 − 40 = 221. 1095ஐ 221ஆல் வகுத்தால் 4.95. ஐந்து பேர்.

விடுப்பு எண்ணிக்கை உங்கள் இடத்தில் வேறாக இருக்கலாம், அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகுத்தலைச் செய்யாமல் சார்ட் எழுத உட்காருவதுதான் முதல் தவறு. நான்கு பேர் தேவைப்படும் இடத்தில் மூன்றரைப் பேரை வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டம் போட்டாலும், அந்த அரை ஆள் ஓ.டி.யாகவோ டபுள் ஷிஃப்டாகவோ ரத்தான வார விடுமுறையாகவோ வெளியே வந்தே தீரும். "சார்ட் சரியில்லை" என்று வரும் புகார்களில் பாதி, உண்மையில் ஆள் பற்றாக்குறை சார்ட் வேஷம் போட்டுக்கொண்டு வருவதுதான்.

இன்னொரு சின்ன விஷயம்: பொறுப்பு ஒப்படைக்கும் நேரம். ஒரு ஷிஃப்டுக்கு 15 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு ஐந்தே கால் மணி நேரம். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தொழிலாளர் அதைத் தன் கைக்காசாகப் போடுகிறார், இல்லையென்றால் ஒப்படைப்பே நடப்பதில்லை. இரண்டாவதுதான் ஆபத்தானது.

28 இரவில் 7: எந்த வித்தையும் பலிக்காத இடம்

பலர் கவனிக்காத எளிய உண்மை ஒன்று உண்டு. நான்கு குழுக்கள் சமமாகப் பங்கிட்டால், எந்த மாதிரி சார்ட் போட்டாலும், எட்டு மணி நேரமானாலும் பன்னிரண்டு மணி நேரமானாலும், ஒருவருக்கு 28 நாளில் 7 இரவுகள் வேலைதான். இரவுகள் 28, பங்காளிகள் நால்வர், அவ்வளவுதான் கணக்கு. "எங்கள் புது முறையில் நைட் குறைவு" என்று யாராவது சொன்னால் ஐந்தாவது குழு எங்கே என்று கேளுங்கள். குழு ஐந்தானால் இரவு 5.6 ஆகும். இல்லாவிட்டால், இரவில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் இரவு குறையாது.

அப்படியானால் சார்ட் எதைத்தான் மாற்றுகிறது? அந்த ஏழு இரவுகள் ஒரே மூட்டையாக வருகின்றனவா சிதறி வருகின்றனவா, ஒவ்வொரு கொத்துக்குப் பின்னும் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதை. இது ஏன் முக்கியம் என்று புரிய உடம்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உடம்புக் கடிகாரம் எப்படி நகர்கிறது

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். எப்போது தூக்கம் வர வேண்டும், உடல் வெப்பம் எப்போது இறங்க வேண்டும், தூக்க ஹார்மோனான மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் ஆணைப்படி நடக்கும். இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சமே தெரியாத அறையில் விட்டால் மனிதருக்கு இது சராசரியாக 24 மணி நேரத்தை விடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடும். தினமும் கொஞ்சம் பின்தங்கப் பார்க்கும் இந்தக் கடிகாரத்தைக் காலை வெளிச்சம் பிடித்து இழுத்துச் சரிசெய்கிறது.

இதிலிருந்து மூன்று விளைவுகள்:

1. தாமதமாகத் தூங்குவது எளிது, சீக்கிரம் தூங்குவது கடினம். முன்னோக்கிய சுழற்சி உடம்புக்கு ஒத்துப்போவது இதனால்தான்.

2. கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். முழுதாக இரவுக்கு மாற எட்டுப் பத்து மணி நேரம் நகர வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் முகத்தில் அடிக்கும் காலை வெயில் அதையும் பின்னுக்கு இழுத்துவிடும்.

3. அதிகாலை மூன்று முதல் ஐந்து, ஐந்தரை வரை உடல் வெப்பமும் விழிப்பும் அடிமட்டத்தில் இருக்கும். ஆள் எவ்வளவு திறமைசாலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுவதை 1997இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. முதல் நாள் நைட் வருகிறவரை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எழுந்து, வீட்டு வேலையெல்லாம் பார்த்து, மதியம் கண்ணயராமல் இரவு பத்து மணிக்கு வேலைக்கு வந்தால், நள்ளிரவு தாண்டும்போதே அந்த 17 மணி நேரம் முடிந்திருக்கும். விடிய இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி.

உடல்நலம் பற்றிய செய்திகளிலும் ஒரு குழப்பம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவு ஷிஃப்ட் வேலையை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே பிரிவில் வைத்தது. இந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டுமே, ஆபத்து எத்தனை மடங்கு என்பதை அல்ல. சிவப்பு இறைச்சியும் இதே 2ஏ-வில்தான் இருக்கிறது. பயந்து வேலையை விட வேண்டிய செய்தியாக இதைப் படிக்கத் தேவையில்லை. அதற்காக, பழகிவிட்டால் நைட் ஒன்றும் செய்யாது என்று சொல்லவும் முடியாது. நிரந்தரமாக இரவே பார்க்கிறவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடம்புக் கடிகாரம் முழுக்க இரவுக்கு மாறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை.

திசை: எல்லோரும் சொல்லும் அறிவுரையில் ஒளிந்திருக்கும் பள்ளம்

"முன்னோக்கிச் சுழற்றுங்கள்" என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. சரியான அறிவுரைதான். 1982இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு கனிம ஆலையில் வாரம் ஒருமுறை பின்னோக்கி மாறிக்கொண்டிருந்த ஆட்களை முன்னோக்கிய திசைக்கு மாற்றி, ஒரே ஷிஃப்டில் நிற்கும் காலத்தையும் 21 நாளாக நீட்டினார்கள். ஆட்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடின, வேலையை விட்டுப் போவது குறைந்தது.

ஆனால் மூன்று குழு, ஆறு நாள் வேலை, ஞாயிறு லீவு என்று ஓடும் சாதாரணமான இடத்தில் இந்த அறிவுரையை அப்படியே பொருத்திப் பாருங்கள். ஷிஃப்டுகள் காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்குத் தொடங்குகின்றன, திங்கள் காலை முதல் ஞாயிறு விடியற்காலை வரை வேலை.

பின்னோக்கிய சுழற்சியில் இடைவெளிகள்:
1. இரவு வாரம் ஞாயிறு காலை 6க்கு முடியும், மதிய வாரம் திங்கள் மதியம் 2க்குத் தொடங்கும்: 32 மணி நேரம்.
2. மதிய வாரம் சனி இரவு 10க்கு முடியும், காலை வாரம் திங்கள் காலை 6க்குத் தொடங்கும்: 32 மணி நேரம்.
3. காலை வாரம் சனி மதியம் 2க்கு முடியும், இரவு வாரம் திங்கள் இரவு 10க்குத் தொடங்கும்: 56 மணி நேரம்.

முன்னோக்கிய சுழற்சியில்:
1. காலையிலிருந்து மதியத்துக்கு: 48 மணி நேரம்.
2. மதியத்திலிருந்து இரவுக்கு: 48 மணி நேரம்.
3. இரவிலிருந்து காலைக்கு: ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை, 24 மணி நேரம்.

இரண்டிலும் கூட்டுத்தொகை 120. திசையை மாற்றியதால் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, பங்கீடுதான் மாறியது. அதுவும் ஆறு இரவுகள் கண் விழித்து முடித்தவருக்கு ஒரே ஒரு நாள், அந்த ஒரே நாளிலும் விடியற்காலை நாலரைக்கு எழுந்தாக வேண்டும். இதனால்தான் பல இடங்களில் அனுபவசாலிகள் பின்னோக்கிய சுழற்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று சிரிப்பதற்கு முன்னால் இந்த 24 மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு, அதற்குக் கூடுதல் ஆளும் தேவையில்லை. வாரத்தைத் திங்கள் காலையில் தொடங்காமல் ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்குங்கள், சனி இரவு 10க்கு முடியுங்கள். மொத்தம் அதே 18 ஷிஃப்ட், அதே 144 மணி நேரம். இப்போது இரவுக் குழு சனி காலை 6க்கே விடுபட்டுத் திங்கள் காலை 6க்குத்தான் வரும்: 48 மணி நேரம், இரண்டு இரவுத் தூக்கம். அந்த 24 மணி நேர இடைவெளி காணாமல் போகாது, மதியத்திலிருந்து இரவுக்கு மாறுகிறவர் தலையில் போய் உட்காரும். அவர் சனி இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கி, ஞாயிறு பகல் முழுக்க வீட்டில் இருந்து, மாலையில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு இரவு 10க்கு வந்தால் போதும். அதே 24 மணி நேரம் அங்கே இருந்தால் சமாளிக்கலாம், நைட் முடித்தவரிடம் இருந்தால் ஆளை உருக்கிவிடும். ஞாயிறு இரவு வேலையா என்று முதலில் முணுமுணுப்பு வரும். சனிக்கிழமை காலையிலேயே நைட் முடிகிறது என்பதைச் சார்ட்டில் காட்டி விளக்க வேண்டியிருக்கும்.

பின்னோக்கிய சுழற்சியில் இதை விட மோசமான வகை ஒன்று இருக்கிறது. வாரக் கடைசியில் மாறாமல் வாரத்தின் நடுவிலேயே மாறுவது. மதியம் முடிந்து இரவு 10க்குக் கிளம்பி மறுநாள் காலை 6க்கு வா என்பது எட்டு மணி நேர இடைவெளி. போக ஒரு மணி, வர ஒரு மணி, குளியல் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி கழித்தால் நாலரை மணி நேரம்தான் தூங்க மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர விதி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கேட்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தினாலும், 11க்குக் கீழே இடைவெளி விழும் கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு முதலில் அவற்றை ஒழிப்பது நல்லது.

வேகம்: இரண்டு நாளா, ஒரு வாரமா

ஒரே ஷிஃப்டில் எத்தனை நாள் நிறுத்தி வைப்பது? என் கட்சி வெளிப்படையானது: ஒரு வாரம் என்பது இரண்டும் கெட்டான். மூன்றாவது நாலாவது நாளில் கடிகாரம் பாதி தூரம் நகர்ந்து அந்தரத்தில் நிற்கும், வாரம் முடிவதற்குள் கொஞ்சம் பழகுவது போலிருக்கும், உடனே பகலுக்குத் திருப்பிவிடுவோம். அதற்குள் பகல் தூக்கக் குறையும் சேர்ந்துகொண்டே வந்திருக்கும், ஏனென்றால் நைட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை.

விபத்துக் கணக்குகளும் இதையே சொல்கின்றன. 2003இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வின்படி, காலை ஷிஃப்டோடு ஒப்பிட்டால் விபத்து வாய்ப்பு மதியத்தில் சுமார் 18 சதவீதமும் இரவில் சுமார் 30 சதவீதமும் கூடுதல். தொடர் இரவுகளில் முதல் இரவோடு ஒப்பிட்டால் இரண்டாம் இரவில் 6, மூன்றாம் இரவில் 17, நான்காம் இரவில் 36 சதவீதம் கூடுதல். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் உள்ள தாவலைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வேகமான சுழற்சியின் தர்க்கம் வேறு. கடிகாரத்தை நகர்த்தவே முயலாதே, இரண்டு இரவு சமாளி, கடிகாரம் அசைவதற்குள் பகலுக்குத் திரும்பிவிடு. இதன் எளிய வடிவம் 2-2-2-2: இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவு, இரண்டு லீவு. எட்டு நாள் சுற்று, நான்கு குழு, சராசரி 42 மணி நேரம். குறை எங்கே என்றால், அந்த "இரண்டு நாள் லீவு" கடைசி நைட் முடியும் காலை 6லிருந்து 48 மணி நேரம்தான். வெள்ளி மாலை 6க்குக் கிளம்பித் திங்கள் காலை 9க்கு வரும் பகல் ஊழியரின் இரண்டு நாள் லீவு 63 மணி நேரம். பெயர் ஒன்று, சரக்கு வேறு. எட்டு நாள் சுற்று என்பதால் சனியும் ஞாயிறும் சேர்ந்து லீவாகக் கிடைப்பது எட்டு வாரத்துக்கு ஒருமுறைதான். குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வீடுகளில் இது லேசான விஷயமில்லை.

12 மணி நேர ஷிஃப்ட்: கவர்ச்சியும் கணக்கும்

பிரபலமான இரண்டு வடிவங்களை மட்டும் பார்ப்போம்.

முதலாவது 2-2-3. திங்கள், செவ்வாய் வேலை. புதன், வியாழன் லீவு. வெள்ளி, சனி, ஞாயிறு வேலை. அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். இரண்டு வாரத்தில் ஏழு ஷிஃப்ட், 84 மணி நேரம், சராசரி 42. ஒன்று விட்டு ஒரு வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை லீவு. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மாற்றினால் தொடர் இரவுகள் மூன்றைத் தாண்டாது, இரவிலிருந்து பகலுக்கு மாறும்போது குறைந்தது 48 மணி நேரம் கிடைக்கும், பாதிக் குழுக்களுக்கு 72. மணிக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு: முதல் வாரம் 60 மணி நேரம், அடுத்த வாரம் 24. ஓ.டி.யை வாரத்துக்கு வாரம் கணக்கிடுவதா, இரண்டு வாரச் சராசரியில் கணக்கிடுவதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்காவிட்டால் சம்பளத் தேதியன்று சண்டை நிச்சயம்.

இரண்டாவது டுபான்ட் முறை. 28 நாள் சுற்று: நான்கு இரவு, மூன்று லீவு, மூன்று பகல், ஒரு லீவு, மூன்று இரவு, மூன்று லீவு, நான்கு பகல், அப்புறம் ஏழு நாள் லீவு. மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழு வாரம் லீவு என்றதும் கை தூக்கி ஓட்டுப் போடாதவர் குறைவு. அந்த ஏழு நாள் இனாமாக வருவதில்லை. பதினான்கு ஷிஃப்டையும் மிச்சம் 21 நாளில் அடைத்தாக வேண்டும், அதாவது அந்த மூன்று வாரமும் சராசரி 56 மணி நேரம். மூன்று பகல், ஒரு லீவு, மூன்று இரவு வரும் அந்த ஏழு நாளை மட்டும் தனியாக எடுத்தால் 72 மணி நேரம். தொடர் இரவு நான்கு, மேலே சொன்ன அந்த 36 சதவீத இரவும் இதில் இருக்கிறது. இளம் வயதுக்காரர்கள் இதை விரும்புவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

12 மணி நேரத்தில் பொதுவாக வரும் லாப நஷ்டங்கள்:

1. பொறுப்பு ஒப்படைப்பு மூன்றுக்குப் பதில் இரண்டு முறை. தகவல் நழுவும் வாய்ப்பு குறைகிறது. போய் வரும் பயணமும் குறைகிறது.

2. கடைசி மணி நேரங்கள் ஆபத்தானவை. பன்னிரண்டாவது மணி நேரத்தில் விபத்து வாய்ப்பு முதல் எட்டு மணி நேரத்தில் உள்ளதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தொகுப்பு ஆய்வுகள் சொல்கின்றன. இரவு ஷிஃப்டில் அந்தக் கடைசி நேரத்துக்குப் பிறகுதான் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

3. ஒருவர் வராவிட்டால் என்ன செய்வது? எட்டு மணி நேர முறையில் முன் ஷிஃப்ட் ஆள் நாலு மணி நேரம் கூட நிற்பார், அடுத்த ஷிஃப்ட் ஆள் நாலு மணி நேரம் முன்னால் வருவார், ஓட்டை அடைந்துவிடும். பன்னிரண்டு மணி நேர ஆளை அப்படி நாலு மணி நேரம் நீட்டினாலே 16 ஆகும், 11 மணி நேர ஓய்வு உடைந்துபோகும். லீவில் இருப்பவரை வீட்டிலிருந்து கூப்பிடுவதுதான் ஒரே வழி. அந்த "மூன்று நாள் லீவு" போனில் கரைவது இப்படித்தான்.

மூன்றாவதுதான் என் கண்ணில் முக்கியமானது. வராதவர்களுக்கு மாற்று யார் என்று எழுதாமல் 12 மணி நேரத்துக்கு மாறுவது, ஸ்டெப்னி இல்லாமல் நெடும்பயணம் கிளம்புவது மாதிரி.

சார்ட் எழுதும் வரிசை

1. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை பேர் தேவை என்று எழுதுங்கள். பகலில் பத்துப் பேர் தேவை என்பதற்காக இரவிலும் பத்துப் பேர் என்று இல்லை. பகலில் முடிக்கக்கூடிய எதையும் இரவில் வைக்காதீர்கள், முக்கியமாக அதிகாலை மூன்று முதல் ஐந்துக்குள் நுட்பமான பராமரிப்பு வேலையை. மூன்று மைல் தீவு அணு உலை விபத்து 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிவாக்கில் தொடங்கியது, செர்னோபில் 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கு. இரண்டுக்கும் காரணங்கள் பல, நேரம் மட்டும் காரணமில்லை. ஆனாலும் கடிகாரத்தைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது.

2. ஆள் கணக்கை, விடுப்பையும் சேர்த்து, போட்டு முடியுங்கள். எண் போதவில்லை என்றால் இங்கேயே நிறுத்தி மேலே கேளுங்கள்.

3. ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். காலை 6ஐ 7 ஆக்கினால் காலைக் குழுவுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம், இரவுக் குழுவோ நன்றாக வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் போய்க் குறைவாகத் தூங்கும். 5 ஆக்கினால் யாருக்கும் நல்லதில்லை.

4. இரவுகளை முதலில் கட்டத்தில் போடுங்கள், மூன்றுக்கு மேல் தொடராமல். ஒவ்வொரு கொத்துக்கும் பின்னால் இரண்டு முழு இரவுத் தூக்கத்துக்கு இடம் விடுங்கள். அப்புறம்தான் காலையும் மதியமும்.

5. சார்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் கூடுதலாகப் போடுங்கள்: அடுத்த ஷிஃப்டுக்கான இடைவெளி எத்தனை மணி நேரம், கடந்த 28 நாளில் வீட்டில் தூங்கிய முழு இரவுகள் எத்தனை. பார்த்ததும் எங்கே வலிக்கும் என்று தெரிந்துவிடும்.

6. ஷிஃப்டுக்குள் இடைவேளையை எழுதி வையுங்கள். இரவில் 20 நிமிடத் தூக்கத்துக்கு அனுமதி கொடுத்தால் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெளிய விட வேண்டும், உடனே லிவரைப் பிடிக்கச் சொல்லக்கூடாது.

7. சார்ட்டைச் சில வாரங்கள் முன்னதாகவே ஒட்டுங்கள். நாளை என்ன ஷிஃப்ட் என்று இன்று மாலை தெரிந்துகொள்பவருக்கு எந்தச் சுழற்சியும் நல்ல சுழற்சி இல்லை.

நியாயத்தில் ஓர் ஓட்டை, மாற்றிக்கொள்வதில் இன்னொன்று

28 நாள் சுற்று எல்லோருக்கும் சமமாகத் தெரியும். 13 சுற்று 364 நாள். வருடம் 365. ஆக, ஒவ்வொரு தேதியும் அடுத்த வருடம் சுற்றில் ஒரே ஒரு நாள்தான் நகர்ந்திருக்கும். இந்த ஜனவரி 1 அன்று மூன்று இரவுக் கொத்தின் முதல் இரவில் நின்ற குழு, அடுத்த ஜனவரி 1 அன்று அதே கொத்தின் இரண்டாம் இரவில் நிற்க வாய்ப்பு மிக அதிகம். "எப்பவும் எங்களுக்கேதான் விழுது" என்று ஒரு குழு புலம்பினால் அது வெறும் மனப்பிரமையாக இருக்காது, 14 நாள் சுற்றிலும் இதே கதைதான். எட்டு நாள் சுற்றில் ஒரு வருடத்துக்கு ஐந்து நாள் நகர்வதால் இந்தச் சிக்கல் குறைவு. சுற்றைத் தொடாமல், வருடத்தின் முக்கிய விடுமுறை நாட்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்துக் குழுக்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பதே எளிய தீர்வு.

ஆட்கள் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதை முழுக்கத் தடுத்தால் மருத்துவச் சீட்டுகள்தான் பெருகும். அனுமதிக்கலாம், ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் மாறும் அந்த ஒரு நாளை மட்டும் பார்க்கக்கூடாது. இரண்டு பேருக்கும் முந்தைய ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிந்தது, அடுத்தது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, தொடர் இரவு மூன்றைத் தாண்டுகிறதா என்று அந்த இரண்டு பத்திகளையும் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறக்க வேண்டும். தன் புதன் காலையைக் கொடுத்துச் செவ்வாய் மதியத்தைக் கேட்டு வருகிறவருக்குச் செவ்வாய் காலை ஆறு மணி வரை நைட் இருந்திருக்கலாம்.